மோட்டார் காயிலுக்குள் இருக்கும் காகிதம்



காகிதம் என்றதும் சிவகாசிக்குப் பக்கத்தில் வாழும் நமக்கு நோட்டுப் புத்தகம், தினசரி காலண்டர், பட்டாசுச் சுருள் என்று பலவும் நினைவுக்கு வரும். இந்த இதழில் நாம் எழுதப்போவது வேறொரு காகிதத்தைப் பற்றி. நம் எல்லோர் வீட்டிலும் அது இருக்கிறது. ஆனால் நம்மில் அநேகம் பேர் அதைக் கண்ணால் கண்டதில்லை. கடந்த கோடை வரை நாங்களும் கண்டதில்லை.

கடந்த கோடையில் ஒரு நாள் அஸர் தொழுகைக்குச் சற்று முன்பு பள்ளிவாசல் மோதினார் அலுவலகத்துக்கு வந்து, “ஒளுச் செய்கிற இடத்தில் குழாயைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது, ஒரு பையன் அழுதுகொண்டே ஓடிவிட்டான்” என்றார். முதலில் சுவர் விளக்கின் வயரில் கோளாறு என்றுதான் நினைத்தோம். எலக்ட்ரீஷியன் வந்து டெஸ்டரைக் குழாயில் வைத்தார். கிணற்று மோட்டார் ஓடும்போது டெஸ்டர் விளக்கு எரிந்தது, மோட்டாரை நிறுத்தினால் அணைந்தது. பழைய இரும்புக் குழாய் என்பதால் மோட்டாரின் உடம்பில் ஏறிய மின்சாரம் குழாய் வழியாகவே ஒளுச் செய்யும் இடம் வரை வந்திருக்கிறது. ஈரக்காலுடன் வரிசையாக உட்கார்ந்து ஒளுச் செய்யும் இடம் அது. அன்று எவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். மெயினை இறக்கிவிட்டு, லாரித் தண்ணீர் வாங்கி அந்த வாரத்தை ஓட்டினோம்.

அந்த 3 எச்.பி. மோனோபிளாக் மோட்டார் எட்டு மாதங்களுக்கு முன்புதான் காயில் எரிந்து, புதிதாகக் கட்டி வந்தது. பணம் ஜமாஅத்தின் பொதுப் பணம். அப்போது மூன்று கடைகளில் விலை கேட்டு, குறைவாகச் சொன்ன இடத்தில் கொடுத்தோம். அதில் எங்களுக்குப் பெருமையும் இருந்தது. இந்த முறை வேறொரு மேஸ்திரியிடம் கொண்டுபோனோம். அவர் மோட்டாரைக் கழற்றி, உள்ளே ஓரிடத்தைக் காட்டினார். இரும்புக் குழியின் வாய்ப்பகுதியில் செம்புக் கம்பி வளைந்து திரும்பும் இடம். அங்கே கரி பிடித்திருந்தது. குழிக்குள் போட்டிருந்த காகிதம் இரும்பின் விளிம்போடு சரியாக முடிந்திருந்தது. ஒரு நூல்கூட வெளியே நீட்டியிருக்கவில்லை. “கம்பியைக் குறை சொல்ல முடியாது பாய். நல்ல செம்புதான் போட்டிருக்கிறார்கள். காகிதத்தில் மிச்சம் பிடித்துவிட்டார்கள்” என்றார்.

அன்றிலிருந்து அந்தக் காகிதத்தைப் பற்றி விசாரித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

மோட்டாரின் அசையாத பகுதியை ஸ்டேட்டர் என்கிறோம். மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கிச் செய்த உருளை அது. அதன் உட்புறத்தில் நீளவாக்கில் குழிகள் இருக்கும். இவற்றுக்கு ஸ்லாட் என்று பெயர். எங்கள் மோட்டாரில் 24 ஸ்லாட். இந்தக் குழிகளுக்குள்தான் செம்புக் கம்பிக் காயில்கள் உட்காருகின்றன. கம்பியின் மேல் எனாமல் பூச்சு உண்டு. ஆனால் அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குதான். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே இருக்கும் சில வோல்ட்டைத் தாங்க அது போதும். காயிலுக்கும் இரும்புக்கும் இடையே இருப்பதோ 230 வோல்ட். இரண்டு ஃபேஸ் காயில்கள் உரசும் இடத்தில் 415 வோல்ட். அது ஏறி இறங்கும் உச்சத்தில் 580 வோல்ட்டைத் தாண்டும். இந்த மின்சாரத்தை இரும்புக்குப் போகவிடாமல் தடுப்பது குழிக்குள் ‘ப’ வடிவத்தில் மடித்துச் செருகிய காகிதம். அது கிழிந்தால், கருகினால், அல்லது எங்களுக்கு நேர்ந்ததுபோல் நீளம் குறைந்தால், மோட்டாரின் உடம்பே மின்கம்பியாகிவிடும்.

காகிதத்துக்கு வரும் சோதனை மின்சாரம் மட்டுமல்ல. நம் ஊருக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அதனால் குழிக்குள் இருக்கும் கம்பிகள் நொடிக்கு 100 முறை அதிர்கின்றன. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஓயாத உரசல். மோட்டார் கிளம்பும் நேரத்தில் வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும்போது கம்பிகள் ஒரு குலுங்கு குலுங்கும். இரும்புத் தகடுகளின் விளிம்போ பிளேடு போல இருக்கும். வெறும் காகிதம் எத்தனை நாள் தாங்கும்?

1831ல் மைக்கேல் ஃபாரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தபோது, இரும்பு வளையத்தில் சுற்றிய கம்பிகளுக்கு நடுவே பருத்தித் துணியையும் நூலையும்தான் வைத்தார். பஞ்சு வியாபாரத்தால் பெயர் பெற்ற விருதுநகர்க்காரர்களுக்கு இது பிடித்த செய்தியாக இருக்கும். அதன்பின் வெகுகாலம் பருத்தி, பட்டு, காகிதம், மைக்கா இவைதான் மின்காப்பாக இருந்தன. 1937ல் கோவையில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் முனைந்து உருவாக்கியதைத்தான் நாட்டில் தயாரான முதல் மின்மோட்டார் என்று சொல்வார்கள். நம் வயல் கிணறுகளிலும் வீடுகளிலும் ஓடும் பம்பு மோட்டார்களில் பெரும்பங்கு இன்றும் கோவைச் சரக்குதான். அந்தக் காலத்து மோட்டார்களுக்குள் இருந்தது ‘லெதராய்டு’ என்று கடைக்காரர்கள் இன்றும் சொல்லும் கெட்டிக் காகிதம். தோல்போல இருக்கும். வளையும், சட்டென்று கிழியாது. ஆனால் ஈரத்தை உறிஞ்சும். வார்னிஷில் ஊறவைத்தாலும் 105 டிகிரி வெப்பத்துக்கு மேல் மெல்ல மெல்லக் கருகி மொறுமொறுவென்று ஆகிவிடும்.

பிறகு பாலியஸ்டர் வந்தது. 1941ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்ட், டிக்சன் என்ற இருவர் கண்டுபிடித்த பொருள் இது. நாம் உடுத்தும் பாலியஸ்டர் சட்டை, வாங்கிக் குடிக்கும் தண்ணீர் பாட்டில், மோட்டாருக்குள் போகும் பளபளப்பான ஃபிலிம் மூன்றும் ஒரே பொருள்தான் என்று கேட்டபோது எங்களுக்கே வியப்பாக இருந்தது. இந்த ஃபிலிமைத்தான் காயில் கட்டும் கடைகளில் ‘மில்லினெக்ஸ்’ என்கிறார்கள். மெலினெக்ஸ் என்ற கம்பெனிப் பெயர் வாயில் புழங்கி அப்படி ஆகிவிட்டது. மின்சாரத்தைத் தடுப்பதில் இது கெட்டிக்காரப் பொருள். தண்ணீரையும் எளிதில் உறிஞ்சாது. ஆனால் தனியாகப் போட்டால் அதற்கு இரண்டு குறை உண்டு. ஓரத்தில் ஒரு சிறு வெட்டு விழுந்தால் போதும், அங்கிருந்து கிழிசல் ஓடிவிடும். இரண்டாவது, அது வழுவழுப்பாக இருப்பதால் வார்னிஷ் அதில் ஊறாது. காயில் கட்டி முடித்தபின் வார்னிஷ் ஊற்றுவது கம்பியையும் காகிதத்தையும் இரும்பையும் ஒரே கட்டையாக இறுக்கத்தான். காகிதம் வார்னிஷைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் நடுவில் காற்று நிற்கும். கம்பி அதிரும். சூடும் வெளியேறாது. எங்கள் மோட்டாரில் இருந்தது இந்த வெறும் ஃபிலிம்தான்.

அடுக்குக் காகிதம் இதற்குத்தான் வந்தது. நடுவில் பாலியஸ்டர் ஃபிலிம், இருபுறமும் அதே பாலியஸ்டர் இழைகளை நெய்யாமல் பஞ்சுபோல் பரப்பி அழுத்திய துணி, மூன்றையும் பசையால் ஒட்டி ஒரே தாளாக்கியிருப்பார்கள். கடையில் ‘டிஎம்டி’ என்று கேட்டால் தருவார்கள். டேக்ரான், மைலார், டேக்ரான் என்ற பழைய கம்பெனிப் பெயர்களின் முதல் எழுத்துகள் அவை. சிவகாசி அச்சகங்களில் வேலை பார்த்தவர்களுக்கு லேமினேஷனைப் பற்றி நாம் விளக்க வேண்டியதில்லை. புத்தக அட்டையின் மேல் ஃபிலிம் ஒட்டுவது போன்ற வேலைதான், ஆனால் இங்கே ஃபிலிம் நடுவில் இருக்கிறது. வெளித்துணி இரும்பின் கூர்மையைத் தான் வாங்கிக்கொண்டு ஃபிலிமைக் காக்கிறது. வார்னிஷை உறிஞ்சி, எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துகிறது. மின்சாரத்தைத் தடுக்கும் வேலையை ஃபிலிம் பார்த்துக்கொள்கிறது. மடித்தால் மடிந்து நிற்கும், உடையாது. அதனால்தான் இதற்கு வளையும் அடுக்குக் காப்பு என்று பெயர்.

இதற்கும் மேலே ஒரு படி உண்டு. பாலியஸ்டர் துணிக்குப் பதிலாக நோமெக்ஸ் தாளை இருபுறமும் ஒட்டியது. நோமெக்ஸ் 1960களில் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி கொண்டுவந்த இழை. தீயணைப்பு வீரர்கள் அணியும் உடையையும் இதில் நெய்கிறார்கள். பாலியஸ்டர் 260 டிகிரிக்கு அருகில் உருகிவிடும். நோமெக்ஸ் உருகவே உருகாது, மிகுந்த சூட்டில் கரியாகத்தான் ஆகும். விலை அதிகம். வெல்டிங் மெஷின், எந்நேரமும் சுமையோடு ஓடும் ஆலை மோட்டார் போன்றவற்றுக்கு அது தேவை. வீட்டுக் கிணற்று மோட்டாருக்கு நல்ல டிஎம்டியே போதும் என்பது மேஸ்திரியின் கருத்து. எங்களுக்கும் அது சரியாகவே படுகிறது.

மோட்டாரின் மேல் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். இன்சுலேஷன் கிளாஸ் என்ற இடத்தில் ‘பி’ அல்லது ‘எஃப்’ என்று இருக்கும். உள்ளே இருக்கும் காப்புப் பொருள்கள் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதன் குறியீடு அது. ஏ என்றால் 105 டிகிரி, இ என்றால் 120, பி 130, எஃப் 155, எச் 180. டிஎம்டியிலேயே பி வகுப்பும் உண்டு, எஃப் வகுப்பும் உண்டு. தகட்டில் எஃப் என்று இருக்கும் மோட்டாருக்கு பி வகுப்புக் காகிதம் போட்டுக் கட்டினால் அது பி மோட்டார்தான். காகிதம் எஃப் ஆக இருந்து, கம்பியின் எனாமலோ கம்பி முனையில் போடும் ஸ்லீவோ வார்னிஷோ தாழ்ந்த வகுப்பாக இருந்தாலும் அப்படித்தான். எது தாழ்ந்ததோ அதுவே மோட்டாரின் வகுப்பு.

கோடையில் ஏன் மோட்டார்கள் வரிசையாக எரிகின்றன என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. காப்புப் பொருள் தன் அளவைவிட 10 டிகிரி கூடுதல் சூட்டில் தொடர்ந்து இருந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்பொறியாளர்கள் 1930களிலிருந்து கைக்கொள்ளும் கணக்கு. பத்து வருடம் வர வேண்டியது ஐந்து வருடம், இன்னும் 10 டிகிரி கூடினால் இரண்டரை வருடம். மோட்டார்களை வடிவமைக்கும்போது சுற்றுப்புற வெப்பம் 40 டிகிரி என்று வைத்துக்கொள்கிறார்கள். சித்திரை, வைகாசியில் நம் மாவட்டத்தில் தகரக் கொட்டகைக்குள் இருக்கும் மோட்டாருக்கு அந்த 40 எம்மட்டு? போதாக்குறைக்கு மாலை நேரத்தில் வோல்டேஜ் இறங்கும். அதே தண்ணீரை இறைக்க மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுக்கும். ஆம்பியர் 10 சதவீதம் கூடினால் கம்பியில் பிறக்கும் சூடு 21 சதவீதம் கூடும். ஆகவே கொட்டகைக்கு மேல் தென்னங்கீற்று வேய்வதும், மோட்டாரின் காற்றாடி மூடியில் அடைந்த தூசியைத் தட்டுவதும் காசில்லாத வைத்தியங்கள்.

நியாயத்துக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லாப் பழியையும் காகிதத்தின் மேல் போட முடியாது. எங்கள் மோட்டார் முதல்முறை எரிந்தது மூன்று ஃபேஸில் ஒன்று போய் இரண்டில் ஓடியதால். அந்த நிலையில் நோமெக்ஸ் போட்டிருந்தாலும் எரிந்திருக்கும். அதற்குத் தேவை சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர் என்ற சிறு பெட்டி. அது இல்லாமல் மூன்று ஃபேஸ் மோட்டாரை ஓட்டியது எங்கள் தவறு, கடைக்காரர் தவறல்ல. ஒளுக் குழாயில் மின்சாரம் வந்தபோதும் எர்த் சரியாக இருந்திருந்தால் ஃபியூஸ் போயிருக்கும். எர்த் குழி இருந்தது. கோடையில் கரிசல் மண் வெடித்துக் காய்ந்து கிடந்தது, அதில் தண்ணீர் ஊற்ற எவருக்கும் நினைவில்லை. காய்ந்த மண் மின்சாரத்தை வாங்காது. இப்போது வெள்ளிக்கிழமைதோறும் எர்த் குழிக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவது மோதினாரின் வேலைகளில் சேர்ந்துவிட்டது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் மாட்டியிருக்கிறோம். வீடுகளிலும் இதை மாட்டிக்கொள்வது நல்லது, முக்கியமாகக் குளியலறைக்கும் கிரைண்டருக்கும் போகும் இணைப்பில்.

கிரைண்டர் என்றதும் நினைவுக்கு வருகிறது. இட்லி மாவு அரைத்து விற்றுக் குடும்பம் நடத்தும் சகோதரிகள் நம் மஹல்லாவில் பலர். ஒருவரின் கிரைண்டர் மோட்டார் ஒரே வருடத்தில் இரண்டுமுறை காயில் போய், நம் அலுவலகத்துக்கு உதவி கேட்டு மனு வந்தது. மோட்டார் ஒரு வாரம் கடையில் கிடந்தால் அந்த வீட்டில் ஒரு வார வருமானம் இல்லை. காயில் கட்டும் செலவில் பெரும்பங்கு செம்புக் கம்பிக்கும் கூலிக்கும் போகிறது. காகிதத்துக்கு ஆவது அதில் சிறு பங்கு. அந்தச் சிறு பங்கில் மிச்சம் பிடித்தால் பெரும்பங்கு முழுவதும் மறுபடி செலவாகிறது.

ஆகவே மோட்டாரைக் கடையில் கொடுக்கும்போது, “என்ன காகிதம் போடுவீர்கள் அண்ணே?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நல்ல மேஸ்திரி கோபித்துக்கொள்ள மாட்டார், சந்தோஷமாக எடுத்துக் காட்டுவார். ஒரு துண்டின் மூலையைப் பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இருபுறமும் பஞ்சுபோல் நார் இருந்து, நடுவில் பளபளப்பான ஃபிலிம் இருந்தால் டிஎம்டி. கையால் கிழிக்க முயன்றால் லேசில் கிழியாது. நிறத்தை நம்ப வேண்டாம். வெள்ளை, நீலம், இளஞ்சிவப்பு என்று கம்பெனிக்கு ஒரு நிறம். கனத்தை மில் கணக்கில் சொல்வார்கள். ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 10 மில் தாள் கால் மில்லிமீட்டர் கனம். கனம் கூடக் கூட நல்லது என்று நாமாக முடிவு செய்துவிடக் கூடாது. குழியின் அளவு மாறாது. கனத்த காகிதத்தைத் திணித்தால் கம்பிக்கு இடம் குறையும், அப்போது மெல்லிய கம்பி போட்டுக் கட்டிவிடுவார்கள், அது இன்னும் சூடாகும். கழற்றிய பழைய காகிதத்தின் கனத்தை அளந்து அதே கனத்தில் போடுவதுதான் முறை.

இயன்றால் வார்னிஷ் ஊற்றுவதற்கு முன் ஒருமுறை போய்ப் பாருங்கள். காகிதம் குழியின் இரு முனைகளிலும் சில மில்லிமீட்டர் வெளியே நீண்டு, நுனி திருப்பி மடித்திருக்க வேண்டும். அந்த மடிப்புதான் காகிதம் உள்ளே நழுவிவிடாமல் பிடிக்கிறது. காயில்கள் வெளியே வளைந்து ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில், ஒரு ஃபேஸுக்கும் இன்னொரு ஃபேஸுக்கும் நடுவே தனியாக ஒரு காகிதம் இருக்க வேண்டும். அவசர வேலையில் விட்டுப்போவது அனேகமாக இதுதான். பழைய காயிலை எடுக்க ஸ்டேட்டரை நெருப்பில் போட்டு எரிக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதிகச் சூட்டில் இரும்புத் தகடுகளுக்கு இடையிலுள்ள பூச்சு கெட்டு, பிறகு எவ்வளவு நல்ல காயில் கட்டினாலும் மோட்டார் சும்மாவே சூடாகும். இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

போர்வெல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஆழ்குழாய்க்குள் இறங்கும் நீர் நிரப்பிய சப்மெர்சிபிள் மோட்டாருக்கு இந்தக் கதை பொருந்தாது. அதன் கம்பியே தண்ணீருக்குள் கிடப்பது. எனாமலுக்குப் பதில் கம்பியின் மேல் பிளாஸ்டிக் நாடா சுற்றியிருப்பார்கள். அங்கே போய் டிஎம்டி கேட்டால் சிரிப்பார்கள். எண்ணெய் நிரப்பிய வகையானால் எனாமல் கம்பியும் காகிதமும் உண்டு.

பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளில் வேலை பார்க்கும் சகோதரர்களுக்கும் ஒன்று. காகிதம் கருகும் இடத்தில் பிறப்பது பொறி. ஒரு பொறி என்ன செய்யும் என்று நம் வட்டாரத்தில் எவருக்கும் சொல்லத் தேவையில்லை. அபாயமான இடங்களுக்கென்றே வரும் ஃபிளேம்புரூஃப் மோட்டாரின் மூடிகளும் இடுக்குகளும் அளவெடுத்துச் செய்தவை. உள்ளே பொறி பிறந்தாலும் வெளியே வராதபடி அமைந்தவை. அவற்றைத் தெருமுனைக் கடையில் கழற்றிக் காயில் கட்டுவது கூடாது. அதற்கென்று தகுதி பெற்றவர்களிடம்தான் போக வேண்டும்.

இந்த விஷயம் நம் அறக்கட்டளைக் கூட்டத்திலும் பேச்சுக்கு வந்தது. ஐடிஐயில் இரண்டு வருட எலக்ட்ரீஷியன் படிப்பு முடித்த ஒரு தம்பி காயில் கட்டும் கடை வைக்கக் கருவி உதவி கேட்டிருந்தார். “இப்போதெல்லாம் எரிந்தால் புது மோட்டார் வாங்கிவிடுகிறார்கள், இந்தத் தொழில் நிற்குமா?” என்று சிலர் கேட்டார்கள். சிறிய மோட்டார்களைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் 3 எச்.பி.க்கு மேல் எவரும் அத்தனை எளிதில் தூக்கிப் போடுவதில்லை. அச்சகங்களும் எண்ணெய் மில்களும் நிறைந்த ஊரில் இந்த வேலைக்குப் பஞ்சம் வராது என்பது எங்கள் அபிப்பிராயம். ஆறு மாதம் நல்ல மேஸ்திரி ஒருவரிடம் கூடவே இருந்து கற்ற பிறகு கருவிகள் வாங்கித் தருவதாக முடிவாயிற்று. தம்பி இப்போது காகிதம் வெட்டி மடிக்கும் வேலையில் இருக்கிறார். மேஸ்திரி அவரை இன்னும் கம்பியைத் தொட விடவில்லை.

பள்ளிவாசல் மோட்டார் எஃப் வகுப்பு டிஎம்டி போட்டுக் கட்டி மீண்டும் ஓடுகிறது. ஒளுச் செய்யும் இடம் வரை வரும் இரும்புக் குழாயையும் பி.வி.சி.யாக மாற்றிவிட்டோம். மின்காப்பை 500 வோல்ட்டில் சோதிக்கும் மெக்கர் ஒன்று அறக்கட்டளைக்கு வாங்கியிருக்கிறோம். காயில் கட்டிவந்த மோட்டாரையோ பழைய கிரைண்டரையோ இணைப்புக் கொடுக்கும் முன் சோதித்துக்கொள்ள விரும்புவோர் அலுவலகத்துக்குக் கொண்டுவரலாம். ஞாயிறு மாலை அஸர் முதல் மஃரிப் வரை எலக்ட்ரீஷியன் சகோதரர் இருப்பார். கட்டணம் இல்லை. தூக்க முடியாத மோட்டார் என்றால் மோதினாரிடம் பெயர் எழுதிக் கொடுத்தால் வீட்டுக்கே வந்து பார்ப்பார், இன்ஷா அல்லாஹ்.